வெள்ளி விடுமுறை, ஞாயிறு பள்ளிக்கூடம்



உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய நாட்களில் கிறிஸ்தவர்களின் வழிபாடும் வழக்கமும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். உலகம் முழுவதுக்கும் பேசினால் விடிந்துவிடும். கெடாவுக்குள்ளே நின்று பேசுகிறேன். அதிலும் பாதி, நான் பிறந்து வளர்ந்த தென் கெடாவின் கித்தா என்னும் ரப்பர்த் தோட்டங்களைப் பற்றியதாகத்தான் இருக்கும். நான் பால் வெட்டுக்காரர் மகன். பிறகு தமிழ்ப்பள்ளி ஆசிரியர். இரண்டு வேலையிலும் விடியுமுன்னே எழுந்தாக வேண்டும். பேச்சு கொஞ்சம் தூக்கக் கலக்கமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். மலேசியாவில் புனித வெள்ளிக்குப் பொது விடுமுறை சபாவிலும் சரவாக்கிலும் மட்டும்தான். தீபகற்பத்தில் கிடையாது. நாடு முழுவதும் விடுமுறை வேண்டும் என்று கிறிஸ்தவர்கள் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் கெடாக்காரர்களாகிய நமக்கு அந்தக் கோரிக்கையில் பாதி அவசரம்தான். ஏனென்றால் இங்கே அரசாங்க அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வார ஓய்வு வெள்ளியும் சனியும். ஜும்ஆ தொழுகைக்காக விட்ட நாளில் நம்முடைய பெரிய வெள்ளியும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. யாரிடமும் மனுக் கொடுக்காமல், லீவு பாரம் எழுதாமல், கோவிலுக்குப் போகலாம்.

சரி, ஞாயிறு? ஞாயிற்றுக்கிழமை கெடாவில் வாரத்தின் முதல் வேலை நாள். இயேசு உயிர்த்தெழுந்த நாளில் நம் பிள்ளைகள் சீருடை போட்டுக்கொண்டு முதல் மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டும். மூடா ஆற்றுப் பாலத்தைத் தாண்டிச் செபராங் பிறைக்குள் போய்விட்டால் கதை தலைகீழ். அங்கே வெள்ளி வேலை நாள், ஞாயிறு ஓய்வு நாள். ஒரே மறைமாவட்டம், ஒரே பாடல் புத்தகம், ஒரே ஆயர். நடுவில் ஓர் ஆறு ஓடுகிறது. ஒரு கரையில் சாவுக்கு விடுமுறை, மறு கரையில் உயிர்ப்புக்கு விடுமுறை. (ஜொகூரும் 2014லிருந்து நம்மோடு வெள்ளி, சனி ஓய்வில் இருந்தது. 2025 பிறந்ததும் பழையபடி சனி, ஞாயிறுக்குப் போய்விட்டது.)

இதை நான் குறையாகச் சொல்ல வரவில்லை. தோட்டத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்களின் பக்தியே இந்தக் கணக்கில்தான் இருந்தது: வெள்ளி பெரியது, ஞாயிறு சின்னது. சுவாமிமார் எத்தனையோ முறை இதற்காக எங்களைக் கண்டித்திருக்கிறார்கள். "அழத் தெரிகிறது, மகிழத் தெரியவில்லையே" என்பார்கள். அந்தக் கண்டிப்பில் நியாயம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் இன்றைக்கு என் வேலை.

முதலில் கொஞ்சம் வரலாறு, விரைவாக. கெடாவின் பழம்பெயரான கடாரம் என்றதும் உங்களுக்கு ராஜேந்திர சோழன் நினைவுக்கு வருவான். அவனை விட்டுவிடுவோம், அவனைப் பற்றிப் பேச இந்த ஊரில் ஆள் பஞ்சம் இல்லை. 1780களில் சயாமிலிருந்து விரட்டப்பட்ட பிரெஞ்சுக் குருக்கள் கோல கெடாவுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் அர்னோ அந்துவான் கார்னோ என்பவர் முக்கியமானவர். போர்த்துகீசிய வம்சாவளியினரான செரானிக் கத்தோலிக்கர்கள் அங்கே அவரைச் சுற்றி இருந்தார்கள். இன்று லங்காவிக்குப் படகு ஏறுகிறோமே, அந்தக் கோல கெடாதான். 1786இல் பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கியதும் கார்னோவும் அந்த மக்களும் அங்கே குடிபெயர்ந்தார்கள். பினாங்குத் திருச்சபையின் தொப்புள்கொடி கெடாவில் அறுந்தது என்று பினாங்கு நண்பர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் உண்மை அதுதான்.

அந்தக் கதையில் தமிழன் இல்லை. தமிழன் வந்தது ரப்பரோடு. 1909இல் கெடா சயாமின் கையிலிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறியது. அதையொட்டிய ஆண்டுகளில் காடுகள் கித்தாத் தோட்டங்களாயின. கங்காணிகள் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கட்டிக் கொண்டுவந்தார்கள். அவர்களில் கத்தோலிக்கரும் இருந்தார்கள், மெதடிஸ்டுகளும் லுத்தரன்களும் இருந்தார்கள். ஆபீசில் கிராணி வேலைக்கு வந்த மலையாளச் சிரியன் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். ஒரு லயத்தில் நாலு வீடு கிறிஸ்தவ வீடு என்றால் அது பெரிய சபை. குருவானவர் மாதம் ஒரு முறை வந்தால் பெரிது. மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். பகலில் அவரும் உளி பிடித்து மரம் வெட்டுகிறவர்தான்; சாயங்காலம் குளித்துவிட்டு வெள்ளை வேட்டி கட்டினால் உபதேசியார்.

இப்போது காலண்டர். இயேசு உயிர்த்த ஞாயிறு ஆண்டுக்கு ஆண்டு ஏன் நகர்கிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். மார்ச் 21 அன்றோ அதன் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு அது. இந்து நண்பர்களுக்கு இதை விளக்குவது சுலபம்: அந்தப் பௌர்ணமி பெரும்பாலும் பங்குனிப் பௌர்ணமி. 2023இல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 5, புனித வெள்ளி ஏப்ரல் 7. தைப்பூசம் முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் எங்களுக்குத் தவக்காலம் தொடங்கிவிடும். பூசத்துக்கு விரதம் இருந்து அலகு குத்தியவர் மொட்டைத் தலையில் மயிர் முளைக்குமுன்னே பக்கத்து வீட்டுக்காரர் ஒருசந்தி நோன்பு தொடங்கிவிடுவார். லயத்து அடுப்புகளில் தை தொடங்கிப் பங்குனி வரைக்கும் ஏதாவது ஒரு வீட்டில் மீன் இருக்காது, கறி இருக்காது. சில ஆண்டுகளில் ரம்ஜானும் இதே வாரங்களில் வந்து சேரும். 2025இல் நோன்பு தொடங்கியது மார்ச் 2, தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் மார்ச் 5. கடைத்தெருவில் பகல் சாப்பாட்டுக் கடைகளில் பாதி மூடிக்கிடந்தது. எங்கள் வைராக்கியத்துக்கு அது பெரிய ஒத்தாசை.

காலண்டரில் இன்னொரு பக்கம் உண்டு. அதை எந்த மறையுரையிலும் நான் கேட்டதில்லை. ஐரோப்பாவில் உயிர்ப்புத் திருநாள் வசந்த காலத்தில் வரும். பனி உருகி இலை துளிர்க்கும். வெப்ப நாட்டில் இருக்கும் நமக்கு அதெல்லாம் படத்தில் பார்ப்பதோடு சரி என்று நினைக்கிறோம். ஆனால் கித்தா மரம் இருக்கிறதே, அது இலை உதிர்க்கிற மரம். வடக்கே கெடாவில் ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் வறட்சி நன்றாகத் தெரியும். அந்த வறட்சியில் இலைகள் மஞ்சளாகிச் சிவந்து கொட்டும். காடு முழுக்க வெளிச்சம் இறங்கும். நடந்தால் காலடியில் சருகு நொறுங்கும். பாம்பு போனாலும் கேட்கும், அதனால் எங்களுக்கு அந்தப் பருவம் பிடிக்கும். பெரியவர்களுக்குப் பிடிக்காது. இலை உதிர்ந்தால் பால் குறையும். மங்கில் பாதிகூட நிறையாது. பால் குறைந்தால் சம்பளம் குறையும். கடன் புத்தகத்தில் பக்கம் புரளும்.

ஆக, திருச்சபை நாற்பது நாள் உண்ணாநோன்பு இருங்கள் என்று சொல்லும் வேளையில் தோட்டமே எங்களை ஒருசந்தி இருக்க வைத்துவிட்டது. பிறகு மார்ச் கடைசி, ஏப்ரலில் துளிர் விடும். முதலில் செம்பு நிறம், பிறகு வெளிர்ப்பச்சை. உயிர்ப்பு ஞாயிறு பிந்தி வரும் ஆண்டுகளில் அந்தத் துளிருக்கு நடுவேதான் வரும். எங்களுக்கு வசந்தம் இருந்தது. அது கித்தா மரத்தில் இருந்தது. நாங்கள் அதை வசந்தம் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

திருநீற்றுப் புதனுக்கு வருகிறேன். கத்தோலிக்கர் 'திருநீறு' என்கிறோம். மெதடிஸ்ட் சபையார் 'சாம்பல் புதன்' என்பார்கள். நாங்கள் தவக்காலம் என்பதை அவர்களில் பழைய ஆட்கள் லெந்து என்பார்கள். சைவத்தின் சொல்லை எடுத்துத் தன் நெற்றியில் பூசிக்கொண்ட தமிழ்க் கத்தோலிக்கனின் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். சென்ற ஆண்டுக் குருத்தோலையை எரித்த சாம்பல் அது. நான் நெற்றியில் சாம்பலோடு தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போன ஒரு புதன்கிழமை, பக்கத்துப் பெஞ்சுக்காரன் பார்த்துவிட்டுச் சொன்னான்: "உங்களுக்கு வருசத்துல ஒரு நாளு. எங்க வீட்டுல தினமும் புதன்கிழமதான்." அவன் இப்போது இதே சபையில் உட்கார்ந்திருக்கலாம்.

ஒருசந்தி என்பது நல்ல தமிழ்ச் சொல். நாளுக்கு ஒரு வேளை உணவு. கறி, மீன் விலக்கிச் சாப்பிடுவதைச் சுத்தபோசனம் என்பார்கள் எங்கள் பாட்டிமார். இப்போதைய திருச்சபைச் சட்டம் இளகிவிட்டது: 18 வயது முடிந்து 60 தொடங்கும் வரைக்கும் உள்ளவர்களுக்குத் திருநீற்றுப் புதனும் புனித வெள்ளியும் மட்டும் உண்ணாநோன்பு, 14 வயதானவர்களுக்கு இந்த இரு நாளும் தவக்கால வெள்ளிகளும் இறைச்சி விலக்கு. எங்கள் பாட்டிக்கு இந்த வயதுக் கணக்கு ஒத்துவராது. எழுபது வயதிலும் ஒருசந்தி இருந்தார். "சட்டம் துரைக்கு" என்பார்.

ஆண்களின் நோன்பு வேறு. அது வயிற்றில் இல்லை, தொண்டையில். தோட்டத்துக் கள்ளுக்கடையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சம்பளத்தை ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. உபதேசியார் திருநீற்றுப் புதனன்று ஆண்களை வரிசையாக நிறுத்தி, நாற்பது நாள் கள்ளுக்கடைப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை என்று சிலுவைக்கு முன்னால் சொல்ல வைப்பார். பதினைந்து பேர் சொன்னால் நாலு பேர் காப்பாற்றுவார்கள். அந்த நாலு வீட்டில் குழந்தைகளுக்குப் புதுச் சட்டை.

கள் மறுப்பு வெறும் பக்தி விஷயமாக மட்டும் இருந்ததில்லை. பீடோங்கில் ஹார்வார்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமி என்பவர் வளர்த்த தொண்டர் படை 1946, 47 ஆண்டுகளில் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தது. அதையொட்டிக் கைதுகளும் வேலைநிறுத்தங்களும் நடந்தன. டப்ளின் தோட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடும் நடந்தது. 1947இல் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 6. அப்படியானால் அந்த ஆண்டுத் தவக்காலம் பிப்ரவரி 19இல் தொடங்கியிருக்கிறது. பீடோங் கொந்தளித்த நாட்களில் பல இந்த நாற்பதுக்குள்ளே வருகின்றன. தொண்டர் படை மதம் சார்ந்த இயக்கம் இல்லை. நான் அதற்குச் சிலுவை மாட்டிவிடவில்லை. ஆனால் ஆண்டுதோறும் சிலுவைக்கு முன்னால் கள்ளை மறுத்துச் சொல்லிக்கொண்டிருந்த நாலு பேர், அதையே கூட்டமாக நின்று கேட்கும் இளைஞர்களைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்ப்பேன்.

தவக்கால வெள்ளி மாலைகளில் சிலுவைப்பாதை. பதினான்கு நிலைகள். நகரக் கோவிலில் சுவரில் படம் மாட்டியிருக்கும். எங்கள் தோட்டத்தில் லயத்திலிருந்து ஸ்டோருக்குப் போகும் மண் சாலையில் பதினான்கு மரங்களில் பலகைச் சிலுவை கட்டுவோம். கட்டுகிற வேலை பிள்ளைகளுக்கு. ஏனென்றால் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளி ஓய்வு, தோட்டத்துக்கு இல்லை. கெடா அரசாங்கத்தின் வெள்ளிக்கிழமை தோட்டத்து வாசலோடு நின்றுவிடும். உள்ளே துரை வைத்த கிழமைதான் கிழமை. நாங்கள் சிலுவை கட்டிக்கொண்டிருப்போம். அம்மா அதே சாலையில் தோளில் காண்டாக் கட்டையில் பால் வாளியைச் சுமந்துகொண்டு போவார்.

இந்த இடத்தில் நகரத்துப் பிரசங்கிமார் ஒரு உவமை சொல்வார்கள்: மரத்தில் உளி படுவது போல ஆண்டவர் விலாவில் ஈட்டி, வடிகிற பால் போல அவர் இரத்தம். கேட்க நன்றாயிருக்கும். மரம் வெட்டுகிற ஒருவர் வாயிலிருந்தும் நான் அதைக் கேட்டதில்லை. அவர்களுக்குப் பட்டையில் உளி ஆழமாக இறங்கி மரத்துக்குக் காயம் பட்டுவிடக் கூடாது, கிராணி திட்டுவார். பால் கொட்டினால் சந்தோஷம். உவமை என்பது உட்கார்ந்து பார்க்கிறவருக்கு.

குருத்தோலை ஞாயிற்றைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். தென்னங்குருத்து. அதைக் கிழித்துச் சிலுவை முடைவது, கிளி முடைவது. எங்கள் தோட்டத்தில் இதில் கெட்டிக்காரர் மாரியம்மன் கோயிலுக்குத் தோரணம் கட்டுகிற ஐயா. அவரிடம்தான் எல்லாப் பிள்ளைகளும் கற்றுக்கொண்டோம். "உங்க சாமி கழுதையில வாராரு, எங்க ஆத்தா சிங்கத்துல வாரா, ஓலை ஒண்ணுதான்" என்பார். அந்தச் சிலுவை கதவுக்கு மேலே ஓராண்டு காய்ந்து கிடந்து அடுத்த திருநீறாகும்.

பெரிய வியாழன் கோவிலில் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார்கள். அதற்கு நாங்கள் சுங்கைப்பட்டாணிக்குப் போக வேண்டும், கிறிஸ்து அரசர் ஆலயத்துக்கு. அலோர் ஸ்டார் பக்கத்தார் புனித மிக்கேல் ஆலயத்துக்குப் போவார்கள். தோட்டத்துக் கால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பித்தவெடிப்பு, அட்டை கடித்த தழும்பு, நகத்துக்குள் கித்தாக் கறை. ஒரு முறை பன்னிருவரில் ஒருவராக என் அப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் முந்தின நாள் முழுக்கக் கல்லில் குதிங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கழுவப்போகிற காலை முன்கூட்டியே கழுவி வைத்த மனுஷனைப் பார்த்து அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பெரிய வியாழன் இரவு மலையாளக் கிராணி வீட்டிலிருந்து பெசஹா அப்பம் கொஞ்சம் வரும், புளிக்காத மாவு, மேலே ஓலைக் குருத்தில் சிலுவைக்குறி. கூடவே வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பால். மறுநாள் அதே வீட்டில் பாகற்காய்ச் சாறு கொடுப்பார்கள், ஆண்டவர் குடித்த கசப்பின் நினைவாக. அப்பத்துக்கு ஓடிய பிள்ளைகள் ஒருவரும் மறுநாள் அந்தப் பக்கம் போவதில்லை.

வியாழன் இரவு உன்னதங்களிலே பாட்டோடு மணி ஓய்ந்துவிடும். சனி இரவு வரைக்கும் மணிக்குப் பதில் மரக்கட்டைதான் தட்டுவார்கள். உலர்ந்த சத்தம். சின்ன வயதில் எனக்கு அதுதான் பயம்.

பெரிய வெள்ளி. நகரத்தில் மெதடிஸ்ட் சபையில் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரைக்கும் ஆராதனை. சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பேசுவார்கள். பெண்கள் வெள்ளைச் சேலை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் காலத்துக் கீர்த்தனை மரபு அந்த மூன்று மணி நேரத்தில் முழுதாக உயிரோடு இருக்கும். கத்தோலிக்கனான நான் அதற்காகவே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஆறாவது வார்த்தையில் பேசுகிறவர் நேரத்தை எடுத்துக்கொண்டு ஏழாமவரைத் தவிக்கவிடுவது எல்லாச் சபைக்கும் பொது. அதே நேரத்தில்தான் பள்ளிவாசலில் ஜும்ஆ. கெடாவின் நகரங்களில் அந்த ஒரு வெள்ளி மட்டும் இரண்டு கூட்டமும் ஒரே வெயிலில் வண்டி நிறுத்த இடம் தேடும்.

தோட்டத்தில் வேலைக்குப் போகாவிட்டால் செக்ரோல் என்ற வருகைப் பதிவில் பேர் விழாது. பேர் இல்லையென்றால் கூலி இல்லை. இருந்தும் எங்கள் பெண்களில் பலர் அன்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகமாட்டார்கள். வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி ஏற்றக் கூடாது, தலை சீவக் கூடாது. மூன்று மணிக்குப் பிறகு கஞ்சி. உப்பும் ஒரு துவையலும். பெரிய பானையில் காய்ச்சி மதம் பார்க்காமல் ஊற்றுவார்கள். ரம்ஜானில் மலாய்க்காரர்கள் பள்ளிவாசலில் காய்ச்சிக் கொடுக்கும் பூபோர் லம்புக் கஞ்சியைக் குடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பானை ஞாபகம் வரும், அவர்கள் கஞ்சியில் ருசி அதிகம் என்றாலும்.

இரவில்தான் அந்த வெள்ளியின் நடு இடம். தமிழ்நாட்டில் ஆண்டவரின் இறந்த திருவுருவத்தைத் தூம்பா என்ற சவப்பெட்டியில் வைத்துப் பவனி கொண்டுபோவார்கள். இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் கோவாவில் பிறந்த யாக்கோமே கொன்சால்வஸ் சுவாமி பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை வாசிப்பார்கள். எங்களிடம் தூம்பாவும் இல்லை, புத்தகமும் இல்லை. ஒரு பெஞ்சு, அதன் மேல் வெள்ளைத் துணி, துணியின் மேல் உபதேசியார் வீட்டுப் பாடுபட்ட சுரூபம். ஒரு முழ நீளம் இருக்கும். சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து, தலைமயிரை அவிழ்த்துவிட்டு, ஒப்பாரி வைப்பார்கள். செபப் புத்தகத்துப் புலம்பல் அல்ல. எழவு வீட்டில் வைக்கிற ஒப்பாரியேதான். மாதா தன் மகனைப் பார்த்து அழுவதாகத் தொடங்கும். பாதியில் மகன் பெயர் மாறும், ஊர் மாறும், ஆறு மாறும்.

ஓராண்டு உபதேசியார் பொறுக்க முடியாமல் எழுந்து, "இது செபம் சொல்ற எடம், எழவு வீடு இல்ல" என்று சொல்லிவிட்டார். எங்கள் பாட்டி தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னார்: "எங்க அண்ணனுக்கு எழவு வீடே இல்லியே உபதேசியாரே. இங்க அழாம எங்க போயி அழுவேன்?"

அவருடைய அண்ணன் சயாமுக்குப் போனவர். 1942, 43இல் ஜப்பானியர் மரண ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களை லாரியிலும் ரயிலிலும் ஏற்றிக்கொண்டு போனார்களே, அதில் ஒருவர். திரும்பவில்லை. எங்கே செத்தார், என்றைக்குச் செத்தார், யார் மண் போட்டார்கள், எதுவும் தெரியாது. கருமாதி கிடையாது, கல்லறை கிடையாது. அன்றைக்குச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களில் இப்படி எத்தனை பேர்! அண்ணனைக் கொடுத்தவர், புருஷனைக் கொடுத்தவர், கப்பலில் வரும்போதே ஊரில் தாயைப் பறிகொடுத்துக் கடிதத்தில் தெரிந்துகொண்டவர். ஆண்டுக்கு ஒரு நாள் அவர்களுக்கு ஒரு பிணம் கிடைத்தது. ஒரு முழ நீளப் பிணம். அதை நடுவில் வைத்து எல்லாச் சாவுக்கும் சேர்த்து அழுதார்கள்.

உபதேசியார் உட்கார்ந்துவிட்டார். மறு ஆண்டு ஒப்பாரி தொடங்குமுன் அவரே போய்த் திண்ணையில் இருந்துகொண்டார்.

"வெள்ளியோடு நின்றுவிடுகிறீர்கள்" என்ற கண்டிப்பை நான் ஏற்காததற்குக் காரணம் இந்தப் பெஞ்சுதான். அடக்கம் செய்யாத பிணம் வீட்டில் இருக்கும்போது யாரும் கல்யாண மேளம் வாசிக்க முடியாது. அவர்கள் உயிர்ப்பை மறுக்கவில்லை. அடக்கத்தை முடிக்க அவர்களுக்கு வருஷங்கள் போதவில்லை. இறையியல் படித்தவர்கள் இங்கே இருந்தால் என்னைத் திருத்தலாம். பாட்டியைத் திருத்த முடியாது.

பிறகு எல்லாம் மாறியது. கித்தா போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கைமாறின, வீடமைப்புப் பகுதிகளாயின. ஹார்வார்டில் இப்போது கோல்ஃப் ஆடுகிறார்கள். செம்பனை இலை உதிர்க்காது. வருஷம் முழுக்க ஒரே பச்சை. தவக்காலத்துக்குக் காட்டில் அடையாளம் இல்லாமல் போய்விட்டது. சருகுச் சத்தத்தில் சிலுவைப்பாதை நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கூலிமில் ஆலையில் மூன்று ஷிப்டாக வேலை செய்கிறார்கள். சிலுவைப்பாதைக்கு இப்போது காரில் போகிறோம். தென் கெடாக்காரர்கள் பலர் புக்கிட் மெர்தாஜம் புனித அன்னாள் மலைக்குப் போகிறார்கள். 1846இல் தொடங்கிய தலம் அது. ஜூலைத் திருவிழாவுக்குப் பேர்போனது என்றாலும் தவக்காலத்தில் அந்த மலைப்பாதையில் சிலுவைப்பாதை ஏறும் கூட்டம் வேறு தினுசு: பாட்டு இல்லை, பலூன் இல்லை. அதுவும் ஒரு காலத்தில் கெடா மண்தான். பிறகு கம்பெனிக்குக் கைமாறிய நிலம். அந்த வகையில் நாம் எங்கேயும் வெளியூர் போகவில்லை.

2020இல் ஒன்று நடந்தது. மார்ச் 18இல் கோவிட் பரவலால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, கோவில்கள் பூட்டப்பட்டன. ஏப்ரல் 10 பெரிய வெள்ளி. திருப்பலி கைப்பேசித் திரையில். நகரத்துக்குக் குடிபெயர்ந்து முப்பது ஆண்டு ஆன ஓர் அம்மாள், எங்கள் பழைய தோட்டத்துக்காரர், அன்று தன் வீட்டு வரவேற்பறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு வெள்ளைத் துணி விரித்துச் சுரூபத்தைப் படுக்க வைத்ததாக எனக்குப் போன் செய்து சொன்னார். "டிவியில பாத்தா அழுகை வரல சார். அதான்." அந்த வாரங்களில் செத்தவர்களை உறவினர்கள் கூடி அடக்கம் செய்ய முடியாமல் போனதையும் சொன்னார். ஒப்பாரிப் பாட்டு பாதிதான் நினைவிருந்ததாம்.

பெரிய சனிக்கிழமை இரவைச் சொல்லி முடிக்கிறேன். என் அம்மா காலத்தில் பாஸ்கா வழிபாடு சனிக்கிழமை காலையிலேயே நடந்துவிடும். உச்சி வெயிலில் உயிர்ப்பு மணி அடிக்கும். போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1950களில் அதைப் பழையபடி இரவுக்கு மாற்றினார். பிறகு இரண்டாம் வத்திக்கான் சங்கம் வந்து லத்தீன் போய்த் தமிழ் வந்தது. இன்று கெடாவில் அந்த இரவு வழிபாடுதான் எங்களுக்கு உண்மையான ஞாயிறு. சனி ஓய்வு நாள் என்பதால் தோட்டங்களிலிருந்தும் வீடமைப்புப் பகுதிகளிலிருந்தும் எல்லாரும் வந்துவிடுவார்கள். கோவிலுக்கு வெளியே புது நெருப்பு மூட்டி, பாஸ்கா திரியைக் கொளுத்தி, விளக்கணைந்த கோவிலுக்குள் கொண்டுபோவார்கள். அதிலிருந்து ஆளுக்கொரு மெழுகுதிரி. தமிழ், ஆங்கிலம், மண்டரின், மலாய் எல்லாம் கலந்த வாசகங்கள். முடிகிறபோது நள்ளிரவை நெருங்கிவிடும். முட்டை கொடுப்பார்கள், சிவப்பும் பச்சையும் பூசியது. பிள்ளைகள் தூங்கி விழுவார்கள்.

விடிந்தால் பள்ளிக்கூடம். நான் வகுப்பாசிரியராக இருந்த ஆண்டுகளில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கிறிஸ்தவப் பிள்ளைகளை வருகைப் பதிவேடு பார்க்காமலே கண்டுபிடித்துவிடுவேன். கண் சிவந்திருக்கும். ஒரு தடவை நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் பென்சில் பெட்டியைத் திறந்தபோது, உள்ளே ரப்பரோடும் ஸ்கேலோடும் விரல் நீளத்துக்கு ஒரு மெழுகுதிரித் துண்டு கிடந்தது. அட்டை வளையத்தில் மெழுகு வடிந்து உறைந்திருந்தது. "இது என்னம்மா?" என்றேன்.

"நேத்து ராத்திரி அணைக்கவே இல்ல சார். காருல வீடு வரைக்கும் கொண்டாந்தேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அதை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, முட்டை கொண்டுவந்தாயா என்று கேட்டான். கொண்டுவந்திருந்தாள். உரித்துப் பாதி கொடுத்தாள். மணி ஏழரை. நான் கணக்குப் பாடத்தைத் தொடங்கினேன்.